சில்வியா ஏன் வாய் திறக்கவில்லை?

வெண்கொக்கின் கூடு எங்கே இருக்கிறது என்று ஒன்பது வயதுச் சிறுமியிடம் கேட்கிறார்கள். அவளுக்குத் தெரியும். அன்று பொழுது புலரும் முன்பே எழுந்து போய், காட்டிலேயே உயரமான பைன் மரத்தின் உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். உடை கிழிந்து தொங்குகிறது, மேலெல்லாம் மரப்பிசின். கேட்கிற இளைஞனை அவளுக்கு மிகவும் பிடிக்கும். சொன்னால் 10 டாலர் தருவதாகவும் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நிற்கும் பாட்டி அதட்டுகிறாள். சிறுமி பேசவில்லை.

சேரா ஓர்ன் ஜூவெட் எழுதிய ‘ஒரு வெண்கொக்கு’ கதையின் உச்சம் இவ்வளவுதான். கதை வெளிவந்தது 1886இல். அன்றிலிருந்து, சில்வியா சொல்லாமல் விட்ட காரணத்தை அவளுக்காகப் பிறர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பறவைகளைக் காக்கப் போராடியவர்களின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். பெண்ணிய விமர்சகர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். வர்க்கத்தை முன்வைத்துப் படித்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்தது. இவற்றில் எதையும் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வாசிப்புகள் கூர்மையாகக் கூர்மையாக ஒன்று கைநழுவிப் போகிறது. அந்த மௌனத்துக்குச் சில்வியா கொடுத்த விலை அது. ஜூவெட் அதைத் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார். அதை விட்டுவிட்டு அவளை வெற்றி பெற்ற வீராங்கனையாக மட்டும் பார்த்தால், அந்தக் குழந்தை நம் கண்ணில் சிறுத்துப்போகிறாள் என்பதே என் எண்ணம்.

கதை நடப்பது அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்தின் காட்டோரப் பண்ணை ஒன்றில். ஜூவெட் பிறந்து வளர்ந்த மெய்ன் மாநிலத்தின் நிலம் கதை முழுக்கத் தெரிகிறது. சில்வியா தன் முதல் எட்டு ஆண்டுகளை ஆலைகள் நெருங்கிய நகரத்தில் கழித்தவள். வீடு நிறையப் பிள்ளைகள். தெருவில் துரத்திப் பயமுறுத்திய, முகம் சிவந்த பையன் ஒருவனை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. பேரப்பிள்ளைகளில் ஒருத்தியை வளர்க்க வந்த பாட்டி திருமதி டில்லி, இவளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போகிறாள். மனிதர்களைக் கண்டாலே மிரளும் பிள்ளை என்று சொல்கிறார்கள். காட்டுக்கு வந்த ஓராண்டில் அணில்கள் அவள் கையிலிருந்து தின்னப் பழகிவிட்டன. ஒரு ஜூன் மாத அந்தியில், போக்குக்காட்டி ஒளியும் பசுவை வீட்டுக்கு ஓட்டிவருகையில், பக்கத்திலேயே ஒரு சீழ்க்கை ஒலி. அது பறவையினுடையது அல்ல என்று தெரிந்ததும் அவளுக்குக் குலை நடுங்குகிறது.

சீழ்க்கை அடித்தவன் தோளில் துப்பாக்கியுடன் வழி தவறி வந்த இளைஞன். இரவு தங்க இடம் கேட்கிறான். நல்லவன், அன்பாகப் பேசுகிறான். சிறுவயது முதலே பறவைகளைச் சேகரிப்பவன்; சுட்டு, உள்ளே பஞ்சடைத்துப் பாடம்செய்து, டஜன் டஜனாக வைத்திருப்பவன். அந்த வட்டாரத்தில் அதற்கு முன் எவர் கண்ணிலும் படாத சிறிய வெண்கொக்கு ஒன்றைத் தேடித்தான் வந்திருக்கிறான். மறுநாள் இருவரும் காட்டில் சுற்றுகிறார்கள். பறவைகளைப் பற்றி அவளுக்கு எவ்வளவோ சொல்லித் தருகிறான், ஒரு மடக்குக் கத்தியைப் பரிசாகக் கொடுக்கிறான். அவளுக்கு அவன்மேல் பிரியம் வளர்கிறது. இவ்வளவு ஆசை வைத்திருக்கும் பறவைகளையே இவன் ஏன் கொல்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

ஜூவெட் இதை எழுதியபோது அமெரிக்க இலக்கியத்தின் காற்று யதார்த்தவாதத்தின் பக்கம் வீசியது. அதன் பெரும் குரல் வில்லியம் டீன் ஹவல்ஸ். 1871 முதல் 1881 வரை ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழின் ஆசிரியராக இருந்தவர், ஜூவெட்டைத் தொடக்கத்திலிருந்தே ஊக்குவித்தவர். அவருடைய கண்ணுக்கு இத்தகைய கற்பனைப் பாங்கு காலத்துக்கு ஒவ்வாதது. தோழி ஆனி ஃபீல்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஜூவெட் இதைக் குறிப்பிடுகிறார். இது இதழ்களுக்கு ஏற்ற கதை அல்ல என்று தானே ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் அதன்மேல் தனக்கு அன்பு இருப்பதால், தன் புத்தகத்தின் முதல் கதையாக வைக்கப்போவதாகச் சொல்கிறார். அப்படியே வைத்தார், புத்தகத்தின் தலைப்பும் அந்தக் கதையின் பெயரில் தொடங்கியது. இதழ்களுக்கு ஏற்றதல்ல என்று அவரே கருதிய கதைதான் இன்று அவர் எழுதியவற்றில் அதிகம் படிக்கப்படும் சிறுகதை.

முதல் தலைமுறை வாசகர்கள் இதை வட்டாரச் சித்திரமாகப் பார்த்துப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டிலேயே ஒரு தாழ்வும் ஒளிந்திருந்தது. பெண்கள் எழுதிய கிராமத்துக் கதைகள் அழகானவை, சின்னவை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. 1925இல் ஜூவெட்டின் சிறந்த கதைகளைத் தொகுத்து வெளியிட்ட வில்லா கேதர் அந்த எண்ணத்தை அசைக்க முயன்றார். 1984இல் லூயி ரென்சா இந்த ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, எது சிறிய இலக்கியம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்று ஒரு முழு நூல் எழுதினார். சில பக்கங்களே உள்ள கதை அத்தனை பெரிய விவாதத்தைத் தாங்கியது.

1886 என்ற ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் நியூயார்க் கடைவீதிகளில் நடந்து, எதிரே வந்த பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகள். அவற்றில் 542இல் இறகுகள் இருந்தன. சிலவற்றில் முழுப் பறவையே அமர்ந்திருந்தது. அதே ஆண்டில் ஜார்ஜ் பேர்ட் கிரினல் பறவைகளைக் காக்க முதல் ஆடுபான் சங்கத்தைத் தொடங்கினார். மறுஆண்டு அந்தச் சங்கத்தின் இதழில், இறகு சூடும் பெண்களைக் கடுமையாகச் சாடிக் கட்டுரை எழுதிய கவிஞர் சீலியா தாக்ஸ்டர், ஜூவெட்டின் நெருங்கிய தோழி. ஜூவெட்டின் காதுக்கு எட்டாத செய்தி அல்ல இது.

இறகு வணிகத்தில் வெண்கொக்குகள் பட்ட பாடு மற்ற எந்தப் பறவையும் படாதது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் அவற்றின் முதுகில் நூல்நூலாக நீண்ட மெல்லிறகுகள் முளைக்கும். அந்த இறகுதான் சந்தைக்கு வேண்டும். எனவே வேட்டைக்காரர்கள் கூடு கட்டும் இடங்களைத் தேடிப் போனார்கள். தாய்ப் பறவையும் தந்தைப் பறவையும் சுடப்பட, குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியில் செத்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இறகு எடைக்கு எடை தங்கத்தைவிட விலை போனது. 1905இல் ஃப்ளோரிடாவில் கொக்குகளைக் காக்க நின்ற காவலர் கை பிராட்லி சுட்டுக் கொல்லப்பட்டார். 1900இல் லேசி சட்டம், 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் என்று பாதுகாப்பு மெல்ல மெல்லத்தான் வந்தது. இத்தனையும் தெரிந்து படிக்கும்போது, கூடு எங்கே என்ற கேள்வியின் கொடுமை உறைக்கிறது. கூட்டைக் காட்டிக்கொடுப்பது ஒரு பறவையோடு முடிகிற காரியம் அல்ல. அந்தக் கொக்கு தன் துணைக்குக் குரல் கொடுப்பதைச் சில்வியா மரத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.

இந்த வரலாற்றை மட்டும் பற்றிக்கொண்டு கதையைப் படிப்பவர்கள் முக்கியமான ஒன்றைக் கடந்துபோகிறார்கள். இளைஞன் இறகு வியாபாரி அல்ல. பணத்துக்காகச் சுடுபவனும் அல்ல. அவன் பறவைகளை நேசிப்பவன். அன்றைய பறவை அறிவியல் துப்பாக்கியின் வழியாகவே நடந்தது. 1874இல் எலியட் கூஸ் வெளியிட்ட களக் கையேடு, பறவையியலாளனின் முதன்மைக் கருவி இரட்டைக்குழல் துப்பாக்கி என்று சொன்னது. அந்தச் சங்கத்துக்குப் பெயர் தந்த ஓவியர் ஆடுபானும் சுட்ட பறவைகளைக் கம்பியில் நிறுத்தி வைத்துத்தான் வரைந்தார். அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளும் அப்படித்தான் நிரம்பின. துப்பாக்கிக்குப் பதிலாகக் கண்ணருகே ஒரு சிறு தொலைநோக்கி போதும் என்று ஃபுளோரன்ஸ் மெரியம் புத்தகம் எழுதியது 1889இல், இந்தக் கதைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

ஜூவெட் ஒரு கொடூரனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் சில்வியாவின் வேலை எளிதாகியிருக்கும். எந்தக் குழந்தையும் கொடூரனிடம் கூட்டைக் காட்டாது. அவர் கொண்டுவந்தவன் படித்தவன், மென்மையானவன், அவள் நேசிக்கும் அதே பறவைகளை அவளைவிட அதிகம் அறிந்தவன். கதையின் கேள்வி இங்கேதான் கடினமாகிறது. ஓர் உயிரை அறிந்துகொள்ள விரும்புகிறவன் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறான். கையில் வரவேண்டுமானால் அது சாக வேண்டும். அதே உயிரை அறிய இந்தச் சிறுமி மேற்கொண்ட வழி, தானே உயரத்துக்கு ஏறிப்போனது.

மரம் ஏறும் பகுதிதான் கதையின் உயிர். அதை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. அந்தப் பைன் தன் தலைமுறையின் கடைசி மரம். கூட இருந்தவற்றை வெட்டியவர்களே செத்து நெடுங்காலம் ஆகிவிட்டது. இதை மட்டும் ஏன் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நியூ இங்கிலாந்தின் வெண்பைன்களுக்கு நீண்ட கதை உண்டு. குடியேற்றக் காலத்தில் 24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரங்களைப் பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரத் தண்டுகளுக்காக அரசு ஒதுக்கிவைத்தது. பிறகு மரவெட்டிகள் மிச்சத்தை அழித்தார்கள். தப்பி நின்ற ஒற்றை மரத்தில் சில்வியா ஏறுகிறாள். நேராக ஏற முடியாது. முதலில் பக்கத்து ஓக் மரத்தில் ஏறி, அங்கிருந்து பைனின் கிளைக்குத் தாவ வேண்டும். கிளைகள் கீறுகின்றன, பிசின் விரல்களில் ஒட்டுகிறது, ஏற ஏற மரமும் நீள்வதுபோல் இருக்கிறது. உச்சியில் அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்க்கிறாள். கடல்மேல் கதிர் எழுகிறது. இரண்டு பருந்துகள் கண்ணுக்கு நேரே, தாழப் பறக்கின்றன. அதுவரை அவள் பறவைகளைக் கீழேயிருந்து அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள்.

அப்போது கதைசொல்லி திடீரென்று நிகழ்காலத்துக்கு மாறுகிறார். சில்வியாவைப் பெயர் சொல்லி அழைக்கிறார், எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிறார், அசையாதே என்று எச்சரிக்கிறார். இறந்தகாலத்தில் அமைதியாக ஓடிவந்த கதையில் இப்படி ஆசிரியர் குரல் குறுக்கிடுவதைப் பழுது என்று கருதிய விமர்சகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரத்தின்மேல் அந்த நிமிடத்தில் குழந்தையோடு யாருமே இல்லை. பாட்டி தூங்குகிறாள், இளைஞன் தூங்குகிறான். ஜூவெட்டால் அவளைத் தனியே விட முடியவில்லை. கொக்கு கீழே சதுப்பிலிருந்து எழுந்து, அவளுக்கு அருகிலேயே ஒரு கிளையில் வந்து அமர்கிறது. சிறுமியும் கொக்கும் அருகருகே இருந்து ஒரே கடலை, ஒரே விடியலைப் பார்க்கிறார்கள். பிறகு வாசலில் நின்று அவளால் வாய் திறக்க முடியாமல் போவதற்குக் கதை தரும் காரணம் இதுதான்: அந்தக் காலையைச் சேர்ந்து பார்த்தது நினைவுக்கு வருகிறது. கொள்கை எதுவும் இல்லை, சட்டம் இல்லை, பறவைகளின் உரிமை பற்றிய சிந்தனை இல்லை. கூட இருந்து பார்த்த ஒன்றின் உயிரை எடுத்துக் கொடுக்க அவளுக்கு வரவில்லை.

இதற்கு ஓராண்டு முன், 1885இல், மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் அமெரிக்காவில் வெளியானான். அவனுக்கும் இதே சோதனை. ஓடிவந்த அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்கக் கடிதம் எழுதி, தனக்குள் வாதாடி, கடைசியில் கிழித்துப்போடுகிறான். அவனுடைய மனப்போராட்டம் முழுவதையும் அவன் வாயாலேயே கேட்கிறோம். சில்வியாவின் மனத்துக்குள் நடக்கும் வாதம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. வாதம் என்று ஒன்று நடந்ததா என்பதே ஐயம். ஹக்கைப் பற்றி எழுதுவது எளிது, அவன் தன்னை விளக்கிவிடுகிறான். இவளைப் பற்றி இத்தனை பேர் இத்தனை விதமாக எழுத நேர்ந்ததற்கு அவளுடைய விளக்கமின்மையும் ஒரு காரணம்.

1970களுக்குப் பிறகு வந்த பெண்ணிய வாசிப்புகள் இந்தக் கதையை உண்மையிலேயே புதிதாகத் திறந்தன. எலிசபெத் ஆமன்ஸ் 1986இல் எழுதிய கட்டுரை அவற்றில் வலுவானது. சிறுமி வளர்ந்து, ஓர் ஆணின் வழியாக அவனுடைய உலகத்துக்குள் காலெடுத்து வைப்பது வழக்கமான கதைப்பாதை. சில்வியா அந்தப் பாதையில் போக மறுக்கிறாள் என்கிறது அவருடைய வாசிப்பு. தேவதைக் கதையில் இளவரசன் வருவான், பரிசு தருவான், பெண் அவனோடு போவாள். இங்கே அவன் வெறுங்கையோடு திரும்புகிறான். ஜூவெட்டின் வாழ்க்கையும் இதற்குத் துணை நிற்கிறது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கணவரை இழந்த ஆனி ஃபீல்ட்ஸுடன் ஆண்டின் ஒரு பகுதியைக் கழித்தார், அந்த நட்பு 1909இல் ஜூவெட் இறக்கும்வரை நீடித்தது. 1884இல் அவர் எழுதிய ‘ஒரு நாட்டு மருத்துவர்’ நாவலின் நாயகி நான் பிரின்ஸ், தன்னை விரும்பும் ஒருவனை மறுத்து மருத்துவத் தொழிலைத் தேர்ந்துகொள்கிறாள். நாட்டுப்புற மருத்துவரான தன் தந்தையின் வண்டியில் ஊர் ஊராகப் போய் வளர்ந்த ஜூவெட்டுக்கு அந்த ஆசை அந்நியமானது அல்ல.

நான் பிரின்ஸுக்குத் தன் முடிவை எடுத்துச்சொல்லும் மொழி இருக்கிறது. எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்கிறாள், அவளுக்கென்று ஒரு தொழில் காத்திருக்கிறது. சில்வியாவுக்கு எதுவும் காத்திருக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பெண்ணிய வாசிப்புகள் சில நேரம் விரைவாகத் தாண்டிவிடுகின்றன. அவளுடைய மௌனத்தை விடுதலை என்று கொண்டாடும் இடத்தில் கதையின் கடைசிப் பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டும். இளைஞன் போன பிறகு, பல அந்திகளில் பசுவை ஓட்டிவரும்போது அவனுடைய சீழ்க்கையின் எதிரொலி அவளுக்குக் கேட்கிறது. முதல் நாள் நடுங்க வைத்த அதே ஒலிக்காக இப்போது மனம் ஏங்குகிறது. அவன் துப்பாக்கிக்கு விழுந்த சிறு பறவைகளின் இரத்தம் தோய்ந்த இறகுகளைக்கூட அவள் மறந்துபோகிறாள். ஒரு நாயின் விசுவாசத்தோடு அவன் பின்னால் போயிருக்கக்கூடியவள் என்று கதைசொல்லி எழுதுகிறார். அந்த ஒப்புமையில் ஜூவெட் இரண்டு பக்கத்தையும் காட்டிவிடுகிறார். அந்த அன்பு எவ்வளவு ஆழமானது என்பது தெரிகிறது. அந்த அன்பில் அவளுக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்பதும் தெரிகிறது. வேட்டைக்காரனைவிடப் பறவைகள் நல்ல தோழர்களா என்ற கேள்விக்குக் கதை பதில் சொல்வதில்லை. விடை தெரிந்தே மறைக்கிற தந்திரம் அல்ல அது. ஜூவெட் உண்மையாகவே தயங்குகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

வர்க்க வாசிப்பு பிந்தி வந்தது. ரிச்சர்ட் பிராட்ஹெட் 1993இல், வட்டாரக் கதைகளைப் படித்தவர்கள் யார் என்ற கேள்வியை எழுப்பினார். கோடை விடுமுறைக்குக் கிராமங்களுக்குப் போன வசதியான நகரத்தார், கிராமத்தை அழகிய காட்சியாக நுகர்ந்தவர்கள், இந்த எழுத்தின் முதன்மை வாசகர்கள் என்று காட்டினார். அந்த வெளிச்சத்தில் நம் இளைஞன் வேறு உருக் கொள்கிறான். ஓய்வும் பணமும் உள்ளவன், பிறருடைய காட்டுக்கு வந்து, அங்கே அரிதாக இருக்கும் ஒன்றைத் தன் சேகரிப்புக்கு எடுத்துப்போக நினைக்கிறான். விலை கேட்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு மறுக்கும் வசதி இல்லை. 10 டாலர் என்றதும் அன்றிரவு சில்வியா அந்தப் பணத்தில் என்னென்ன வாங்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறாள், எண்ணி முடியவில்லை. அவர்கள் ஏழைகள் என்பதைக் கதை வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆனால் வர்க்கத்தைப் பேசும்போதுகூட விவாதம் இளைஞனுக்கும் சிறுமிக்கும் நடுவிலேயே நின்றுவிடுவது எனக்கு நெடுநாள் குறை. வாசலில் மூன்றாவதாக ஒருத்தி நிற்கிறாளே, அந்தப் பாட்டி என்ன ஆனாள்? திருமதி டில்லி நான்கு பிள்ளைகளைப் புதைத்தவள். மிஞ்சியவர்கள் இருவர்: நகரத்தில் நிறையப் பிள்ளைகளோடு திணறும் ஒரு மகள், கலிஃபோர்னியாவுக்குப் போன ஒரு மகன். டேன் என்ற அந்த மகன் உயிரோடு இருக்கிறானா என்றே அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அவனும் காடு சுற்றியவன், வேட்டையில் கெட்டிக்காரன், வீட்டுக்குக் கவுதாரியும் அணிலும் கொண்டுவந்து போட்டவன். சில்வியா அவனைப்போலவே இருக்கிறாள் என்று பாட்டி விருந்தாளியிடம் பெருமையோடு சொல்கிறாள். துப்பாக்கியும் காட்டறிவும் ஒன்றுக்கொன்று பகை என்று இந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. சுட்டுக் கொண்டுவந்த பறவை அவர்களுக்குச் சாப்பாடு.

அப்படிப்பட்டவளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அன்று காலை நடந்தது வேறு மாதிரி தெரிகிறது. விடியும்போது பேத்தியைக் காணோம். திரும்பி வந்தவளின் உடை கிழிந்திருக்கிறது. அவளுக்குக் கூடு தெரியும் என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அந்த வீட்டுக்கு 10 டாலர் வரும். கூட்டமான வீட்டிலிருந்து தானே தேர்ந்தெடுத்து, காட்டுக்குக் கொண்டுவந்து, அணில்களோடும் பறவைகளோடும் அலையவிட்ட குழந்தை தனக்குக்கூடப் பதில் சொல்லாமல் நிற்கிறது. சில்வியாவின் விசுவாசம் கொக்கின் பக்கம் சாய்ந்தபோது அது இளைஞனை மட்டும் கைவிடவில்லை. ஜூவெட் பாட்டியின் கோபத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். விருந்தாளி போன பிறகு அவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்தச் சாப்பாட்டு நேரத்தைக் கதை எழுதவில்லை. பறவைகளைப் பற்றியும் ஆண் பெண் உறவைப் பற்றியும் இவ்வளவு எழுதிய விமர்சனம் இனி அந்த மேசைக்கும் வர வேண்டும். சில்வியாவை நேசிக்கிற இரண்டு மனிதர்களில் ஒருவன் போய்விட்டான். மற்றவளிடம் அவள் தன்னை எப்படி விளக்கப்போகிறாள், அல்லது விளக்காமலே எப்படிச் சேர்ந்து வாழப்போகிறாள் என்பது கதைக்குள்ளேயே திறந்து கிடக்கிற கேள்வி.